மெயில் அனுப்பி மூணு வாரம் ஆச்சு, பதிலே வரல! அட்மிஷன் ஆபீஸ் மௌனமாக இருந்தால் என்ன செய்யலாம்?

'வணக்கம் சார். எனக்கு வேற காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு. இங்க கட்டின ஃபீஸைத் திரும்ப வாங்க என்ன புரொசீஜர்னு சொல்ல முடியுமா?'

ஜூலை 14-ம் தேதி ஒரு கல்லூரியின் அட்மிஷன் முகவரிக்கு இப்படி ஒரு மெயில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் பதில் இல்லை. 'சீசன் டைம், பிஸியா இருப்பாங்க' என்று இன்னொரு வாரம் பொறுமை. மூன்றாவது வாரம் ஒரு ரிமைண்டர், அதற்கும் சத்தம் இல்லை. கடைசியில் ஆகஸ்ட் 4-ம் தேதி நேரில் போய் விலகல் கடிதம் கொடுக்கிறார் அந்த மாணவர். இந்த மூன்று வாரத்தில் அவருக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018-ல் வெளியிட்ட கட்டணத் திருப்பளிப்பு அறிவிப்பில் கணக்கு தெளிவாக இருக்கிறது. சேர்க்கைக்கு முறைப்படி அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். அதில் 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், நடைமுறைச் செலவாகப் பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம். தேதி முடிந்து 15 நாளுக்குள் என்றால் 80. அதற்குப் பிறகு 30 நாள் வரை 50. அதையும் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

நம் மாணவர் கட்டியது 1,20,000 ரூபாய், கடைசித் தேதி ஜூலை 31 என்றால், ஜூலை 14-ம் தேதி அவருக்குத் திரும்ப வர வேண்டியது 1,15,000. ஆகஸ்ட் 4-ல் அது 96,000. இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருந்தால் 60,000. ஒரு பதிலுக்காகக் காத்திருந்ததில் 19,000 ரூபாய் போச்சு.

'ஜூலை 14-ம் தேதியே மெயில் போட்டேனே!' என்று அவர் வாதாடலாம். இங்கேதான் சிக்கல். யுஜிசியின் கணக்கு ஓடுவது, விலகுவதாக நீங்கள் தரும் அறிவிப்பு கல்லூரிக்குக் கிடைத்த நாளில் இருந்து. ஜூலை 14-ம் தேதி போன மெயிலில் அப்படி ஒரு அறிவிப்பே இல்லை. அது ஒரு சந்தேகம் கேட்கும் மெயில். 'நான் விலகுகிறேன்' என்று அதில் எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால், பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தேதி அவர் பக்கம் நின்றிருக்கும். எழுத்துபூர்வ விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது.

இந்த வித்தியாசம் ரீஃபண்டோடு நிற்பதில்லை. நாம் கல்வி நிறுவனங்களுக்கு அனுப்பும் மெயில்களில் பெரும்பாலானவை கேள்விகள். கேள்விக்கு எந்தக் கெடுவும் கிடையாது. இன்று சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம், சொல்லாமலேயே விடலாம். அதே விஷயத்தை விண்ணப்பமாகவோ, அறிவிப்பாகவோ, புகாராகவோ உரிய இடத்தில் கொடுத்தால், பல இடங்களில் சட்டமே ஒரு கெடு வைத்திருக்கிறது.

ஒரு குறிப்பு: சில கல்வியாண்டுகளுக்கு யுஜிசி இதைவிடத் தாராளமான தேதிகளைத் தனியாக அறிவித்திருக்கிறது. 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை, அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம் என்று சொன்னது. பொறியியல் போன்ற படிப்புகளுக்கு ஏஐசிடிஇ-யின் விதிகள் தனி. எனவே உங்கள் ஆண்டுக்கு, உங்கள் படிப்புக்கு என்ன அறிவிப்பு என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

*ஏன் பதில் வருவதில்லை?*

வேண்டுமென்றே மௌனம் காப்பவர்களும் உண்டு. குறிப்பாகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய இடத்தில். ஆனால் எல்லா மௌனத்துக்கும் அதுவே காரணம் என்று நினைத்தால் தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருப்போம்.

மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் பிளஸ் 2 ரிசல்ட் மே 8-ம் தேதி வந்தது. அந்த வாரத்தில் இருந்தே பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக் என எல்லா விண்ணப்பங்களும் ஒரே நேரத்தில் ஓடும். பொறியியல் கலந்தாய்வுக்கு மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். அப்போது அட்மிஷன் அலுவலகத்தில் இருப்பவர்கள் கவுன்ட்டரில் நிற்கும் கூட்டத்துக்கும் அடிக்கும் போனுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் இன்பாக்ஸைத் திறப்பார்கள். திறந்தால் அங்கே 'அட்மிஷன் தொடர்பாக' என்ற ஒரே சப்ஜெக்டோடு வரிசையாக மெயில்கள். உள்ளே விண்ணப்ப எண் இல்லை, எந்தப் படிப்பு என்று இல்லை. அதற்குப் பதில் எழுத வேண்டும் என்றால் முதலில் அவர்தான் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இன்னொரு காரணம், மெயில் போன இடமே தப்பு. எங்கள் டெஸ்க்கில் ஒருவர் வெளிநாட்டு மேற்படிப்புக்காக டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு, படித்த கல்லூரிக்கு இரண்டு மாதம் மெயில் மேல் மெயிலாக அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் படித்தது ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. தேர்வு நடத்தி மதிப்பெண் தந்தது பல்கலைக்கழகம். டிரான்ஸ்கிரிப்ட் கேட்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில். கல்லூரி ஆபீஸில் யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்தான், சொல்லவில்லை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் நிலைமை வேறு. அங்கே தேர்வு நடத்துவது கல்லூரியே என்பதால் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும், டிரான்ஸ்கிரிப்டுக்கு மெயில் என்பது விண்ணப்பம் ஆகாது. அதற்கென்று உள்ள படிவமும் கட்டணமும் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபைல் நகரும்.

தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. ஜிமெயிலில் இணைப்புகள் 25 எம்பியைத் தாண்டினால் அது தானாகவே கூகுள் டிரைவ் லிங்க்காக மாறிவிடும். ஷேரிங்கைத் திறந்துவிடாமல் அனுப்பினால் எதிர்ப் பக்கம் 'அனுமதி தேவை' என்ற பக்கம் மட்டும்தான் தெரியும். சான்றிதழ்களை செல்போனில் படம் எடுத்து அப்படியே இணைப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதோடு உங்கள் ஸ்பாம் ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள். பதில் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

*ரிமைண்டர் எப்போது, எப்படி?*

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, அனுபவம்தான். உள்ளூர்க் கல்லூரி என்றால் ஐந்து வேலை நாள், வெளிநாடு என்றால் பத்து வேலை நாள் விடுவது நியாயம். ஆனால் உங்கள் கடைசித் தேதி அதற்கு முன்பே வருகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மறுநாளே போன் செய்யுங்கள்.

புதிதாக ஒரு மெயில் தொடங்காமல், பழைய மெயிலிலேயே 'ரிப்ளை' கொடுத்து எழுதுங்கள். நாளுக்கு ஒரு மெயில், முதல்வர், செயலர், துணைவேந்தர் என எல்லோருக்கும் காப்பி வைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. எல்லோருக்கும் வந்த மெயில் யாருக்கும் வராத மெயில் மாதிரிதான். 'அவர் பார்த்துக்குவார்' என்று ஆளாளுக்கு விட்டுவிடுவார்கள்.

முதலில் சொன்ன மாணவர் தன் மெயிலை இப்படி எழுதியிருக்கலாம்:

'பொருள்: சேர்க்கையில் இருந்து விலகல், கட்டணம் திரும்பக் கோருதல் – விண்ணப்ப எண், பி.காம். முதலாண்டு.

ஐயா/அம்மா, மேற்கண்ட எண்ணில் பெற்ற சேர்க்கையில் இருந்து இன்று, ஜூலை 14 முதல் விலகுகிறேன். இதையே என் விலகல் அறிவிப்பாகவும், கட்டணத்தைத் திரும்பப் பெறுவதற்கான விண்ணப்பமாகவும் ஏற்கவும். கட்டிய தொகை 1,20,000 ரூபாய். ரசீதும் வங்கிக் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன். இதற்கெனத் தனிப் படிவம் இருந்தால் அனுப்பிவையுங்கள், பூர்த்தி செய்து தருகிறேன். ஆனால் விலகல் தேதி இன்றைய தேதியே. கிடைத்ததற்கு ஒப்புகை தரவும்.'

இதில் கோபம் இல்லை, சட்டப் பிரிவு எதையும் காட்டி மிரட்டவும் இல்லை. தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக. முக்கியமான வரி, 'தனிப் படிவம் இருந்தால்' என்று தொடங்குவது. 'எங்க ஃபார்ம்ல தரல, அதனால செல்லாது' என்று பின்னால் சொல்ல இடம் வைக்காத வரி அது. இதையே ஒரு தாளில் பிரின்ட் எடுத்து, டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

'மெயில் எங்களுக்கு வரவே இல்ல' என்று சொன்னால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 13-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. மின்னணுச் செய்திகளைப் பெறுவதற்கென்று ஒருவர் ஒரு முகவரியைக் குறிப்பிட்டிருந்தால், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, செய்தி அந்த முகவரிக்குள் நுழைந்த நேரமே அவருக்குக் கிடைத்த நேரம். அவர் திறந்து படித்தாரா இல்லையா என்பது அப்புறம். அதனால்தான் வெப்சைட்டிலோ ப்ராஸ்பெக்டஸிலோ போட்டிருக்கும் அதிகாரபூர்வ முகவரிக்கே அனுப்ப வேண்டும். தெரிந்த பேராசிரியரின் தனிப்பட்ட ஜிமெயிலுக்கு அனுப்பிவிட்டு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது. அனுப்பிய மெயிலை டெலிட் செய்யாதீர்கள்; ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

*கல்லூரி அசையவில்லை என்றால்*

யுஜிசியின் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள், 2023 பற்றிக் கல்லூரியில் படிப்பவர்களுக்கே அதிகம் தெரியாது. ஒவ்வொரு கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும்; புகார் தர ஆன்லைன் வசதி இருக்க வேண்டும். 'மாணவர்' என்பதில் சேர்ந்து படிப்பவர் மட்டும் இல்லை, சேர விண்ணப்பித்தவரும் அடக்கம். புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால், 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆம்பட்ஸ்பர்சன் என்று சொல்லப்படும் இவர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். இவர்களின் விவரங்களை வெப்சைட்டில் போட வேண்டியது கல்லூரியின் கடமை.

நடைமுறையில் இந்தப் பக்கம் வெப்சைட்டின் அடியில் எங்கேயோ ஒளிந்திருக்கும். தேடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் அதையும் சேர்த்து யுஜிசியின் 'இ-சமாதான்' தளத்தில் புகாராகப் பதிவு செய்யலாம். ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளம் இருக்கிறது. மாநில அரசின் கீழ் வரும் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் முதல்வரின் உதவி மையம், எண் 1100. இவற்றில் புகார் எண் ஒன்று கையில் கிடைத்துவிடும். மெயிலுக்கு அது கிடைக்காது.

பணம் மட்டுமல்ல, ஒரிஜினல் சான்றிதழ்களும் இதே வழியில் வரும். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது. 'வேற காலேஜ்ல சேரணும்னா மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு சர்டிஃபிகேட்டை வாங்கிட்டுப் போ' என்பது நம் ஊரில் பழகிப்போன வசனம். அதற்கு விதியில் இடம் இல்லை.

*10 ரூபாயில் ஒரு கெடு*

அரசுக் கல்லூரியோ மாநிலப் பல்கலைக்கழகமோ மௌனமாக இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். தமிழிலேயே எழுதலாம். தமிழ்நாட்டில் ஆன்லைனிலும் விண்ணப்பிக்க முடியும். 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால்கூட, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் 7-வது பிரிவு. 30 நாளில் பதில் சொல்லாமல் இருந்தால், மறுத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சாதாரண மெயிலில் மௌனத்துக்கு அர்த்தமே கிடையாது. இங்கே மௌனத்துக்கு 'மறுப்பு' என்று சட்டமே பெயர் வைத்திருக்கிறது. மறுப்பு என்றால் அடுத்து மேல்முறையீடு செய்யலாம். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதன் பிறகு மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கெடு தாண்டிய பிறகு தரும் தகவலுக்கு நகல் கட்டணமும் வாங்கக் கூடாது.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். 'என் மெயிலுக்கு ஏன் பதில் சொல்லவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. அலுவலகத்தில் ஏற்கெனவே ஆவணமாக இருக்கும் தகவலைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும், விளக்கமும் அபிப்பிராயமும் தர வேண்டியதில்லை என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. (மாணவர்கள் தங்கள் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று சொன்ன தீர்ப்பும் இதுவேதான்.) எனவே இப்படிக் கேளுங்கள்: 'இந்தத் தேதியில், இந்த எண்ணில் நான் கொடுத்த விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல், கோப்புக் குறிப்புகளின் நகல், அது தற்போது எந்த அலுவலரிடம் உள்ளது என்ற விவரம்.' பல சமயம் இந்த விண்ணப்பம் போய்ச் சேர்ந்த வாரமே மூல வேலை முடிந்து போன் வந்துவிடும்.

*பள்ளிகள் கதை வேறு*

எல்கேஜி சீட்டுக்காகத் தனியார் பள்ளிக்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: காத்திருக்காதீர்கள், நேரில் போங்கள். நம் ஊர்ப் பள்ளிகள் இன்னமும் கேட்டிலும் ஆபீஸ் ரூமிலும் போனிலும்தான் இயங்குகின்றன. வெப்சைட்டில் இருக்கும் மெயில் முகவரி, அந்த வெப்சைட்டைச் செய்துகொடுத்தவர் உருவாக்கியதாகவே இருக்கலாம். சிபிஎஸ்இ பள்ளி என்றால் அதன் வெப்சைட்டில் 'கட்டாயப் பொது வெளிப்படுத்தல்' என்ற பக்கம் இருக்க வேண்டும். முதல்வர் பெயர், பள்ளியின் போன், மெயில் எல்லாம் அதில் இருக்கும். 'தொடர்புகொள்ள' பக்கத்தைவிட இது நம்பகமானது.

சீட் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு எந்தத் தனியார் பள்ளிக்கும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள் மட்டும் விதிவிலக்கு. அதற்கு விண்ணப்பமே அரசின் இணையதளம் வழியாகத்தான். பள்ளிக்கு மெயில் அனுப்புவதால் அங்கே எதுவும் நடக்காது.

டிசி விஷயத்தில் மட்டும் பள்ளி மௌனமாக இருக்க முடியாது. வேலை மாற்றத்தில் சென்னையில் இருந்து கோவைக்கோ பெங்களூருக்கோ போகும் இளம் பெற்றோர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, வேறு பள்ளிக்கு மாறும் குழந்தைக்குத் தலைமை ஆசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. டிசி வரத் தாமதம் என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. டிசி என்பது பாக்கிக் கட்டணத்தை வசூலிக்கும் கருவி அல்ல, அதில் 'ஃபீஸ் பாக்கி' என்று எழுதக் கூடாது என்று கூறி, விதிகளைத் திருத்தும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

எனவே 'டிசி எப்போ கிடைக்கும் மேடம்?' என்ற மெயிலை விட்டுவிட்டு, டிசி கோரும் விண்ணப்பத்தைத் தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அதோடு உங்கள் மாவட்டத்தில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலர். தனியார் பள்ளியிடம் நேரடியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது. ஆனால் அந்தப் பள்ளியிடம் இருந்து சட்டப்படி கல்வித் துறை பெறக்கூடிய தகவலை, துறையிடம் கேட்கலாம்.

*வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால்*

இங்கே நம் சட்டம் எதுவும் கைகொடுக்காது. ஆனால் மௌனத்துக்கான காரணத்தை ஊகிப்பது சுலபம். ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம், நம் பிள்ளைகள் அதிகம் மெயில் அனுப்பும் இடங்களில் ஒன்று. குளிர்காலப் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் கடைசித் தேதி ஜூலை 15. பல இடங்களில் விண்ணப்பம் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகாது. 'யூனி-அசிஸ்ட்' என்ற பொது அமைப்பு ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பிவைக்கும். அதற்கே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் 'என் அப்ளிகேஷன் என்ன ஆச்சு?' என்று பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டால், அவர்கள் கையில் உங்கள் ஃபைலே இருக்காது. என்ன பதில் சொல்வார்கள்?

ஆவணத்தில் குறை இருந்தால் யூனி-அசிஸ்டின் ஆன்லைன் கணக்கில்தான் செய்தி வரும். இன்பாக்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஜூலை 15-க்கு முன்னால் அதைக் கவனிக்காமல், ஏபிஎஸ் சான்றிதழ் இணைக்காதது போன்ற ஒரு குறைக்காக ஒரு பருவத்தையே இழக்கிறார்கள். 2022 நவம்பரில் இருந்து இந்திய மாணவர்களுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம். மெயிலைவிட போன் அங்கே வேலை செய்யும், ஆனால் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மணிநேரம் மட்டுமே எடுப்பார்கள். கோடைக்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் மூன்றரை மணிநேர வித்தியாசம். அங்கே காலை 9 முதல் 11 என்றால் இங்கே மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை. லன்ச் பிரேக்கில் பேசிவிடலாம்.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் கெடு வைத்த கேள்வி ஒன்றும் உண்டு. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இது சீட் வாங்கித் தராது. நிராகரிக்கப்பட்ட பின், என்ன பதிவு செய்திருக்கிறார்கள் என்று பார்க்க உதவலாம். முடிவுக்காகக் காத்திருக்கும்போது இதை ஆயுதமாக எடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

அமெரிக்கா என்றால் ஏப்ரல் 15-ஐ நினைவில் வையுங்கள். முதுநிலைக் கல்வி அமைப்புகளின் கூட்டமைப்பு செய்துகொண்ட தீர்மானப்படி, அதை ஏற்ற பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு தரும் வாய்ப்பை ஏற்பதா இல்லையா என்று ஏப்ரல் 15-க்கு முன் முடிவு சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஓர் இடத்தில் வாய்ப்பு கையில் இருக்கிறது, ஆசைப்பட்ட இடம் மௌனமாக இருக்கிறது என்றால், ஆசைப்பட்ட இடத்துக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மெயில் போடுங்கள்: 'வேறொரு பல்கலைக்கழகத்துக்கு 15-ம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் உள்ளதா?' இதை மத்திய அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்பாமல், நீங்கள் சேர விரும்பும் துறையின் முதுநிலைப் படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். தேதி போட்ட கேள்விக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். அப்பாவோ அம்மாவோ எழுதாமல் விண்ணப்பித்தவரே எழுத வேண்டும். மற்றவர்களிடம் விண்ணப்ப விவரம் பேச மாட்டார்கள்.

*ரொம்ப சீக்கிரம் பதில் வந்தால்?*

மூன்று வாரம் பதில் இல்லாமல் தவிப்பவர் அடுத்து செய்வது, கூகுளில் அந்தக் கல்லூரியின் பெயரைப் போட்டு போன் நம்பர் தேடுவது. அங்கே 'அட்மிஷன் ஹெல்ப்லைன்' என்று ஏதாவது ஒரு நம்பர் முதலில் வந்து நிற்கும். போட்டால் முதல் ரிங்கிலேயே எடுப்பார்கள், அன்பாகப் பேசுவார்கள், பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் படிவம் வரும், சீட்டை உறுதிசெய்ய இவ்வளவு பணம் என்று ஒரு யுபிஐ ஐடியும் வரும்.

அந்தப் பணத்தை அனுப்பும் முன் மெயில் முகவரியின் வால் பகுதியைப் பாருங்கள். ஏசி டாட் இன், இடியு டாட் இன் என்று முடியும் இணைய முகவரிகளை மத்திய அரசின் எர்னெட் அமைப்பு, கல்வி நிறுவனம்தானா என்று ஆவணங்களைப் பார்த்த பிறகே தருகிறது. பிரிட்டனின் ஏசி டாட் யுகே-யும் அமெரிக்காவின் டாட் இடியு-வும் அப்படித்தான். எல்லா நல்ல கல்லூரிகளும் இந்த முகவரியில் இருக்கின்றன என்று அர்த்தம் இல்லை. டாட் காம் வைத்திருக்கும் உண்மையான கல்லூரிகளும் உண்டு. ஆனால் ஏசி டாட் இன் வெப்சைட் வைத்திருக்கும் கல்லூரியின் பெயரில் ஒரு ஜிமெயில் முகவரியில் இருந்து பணம் கேட்டு மெயில் வந்தால், அந்த வெப்சைட்டில் உள்ள லேண்ட்லைன் நம்பருக்கு ஒருமுறை அடித்துக் கேட்டுவிடுங்கள். பெயரே புதிதாக இருக்கும் பல்கலைக்கழகம் என்றால், யுஜிசி தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.